கருப்பனும் பினாயில் பாட்டிலும்

போன வாரம் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். 11 மாத ஆண் நாய் வளர்க்கிறார். படியேறும்போதே பினாயில் நெடி. "தினமும் ரெண்டு தடவை துடைக்கிறோம் அண்ணே, அதே இடத்துலதான் காலைத் தூக்குது" என்றார். நானும் ஒரு காலத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் இதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

வேளாவேளைக்கு வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மூத்திரமா, முத்திரையா?

தரையில் குளமாகக் கிடந்தால் அடக்க முடியாமல் போனது. கதவு நிலை, சோபா கால், பீரோ மூலை என்று நிமிர்ந்து நிற்கும் பொருள்மேல் நாலு சொட்டு இருந்தால் 'இது என் இடம்' என்று முத்திரை குத்தியிருக்கிறது. ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று ஆரம்பித்தாலோ, அடிக்கடி முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ முதலில் கால்நடை டாக்டரிடம் போங்கள். தொற்றோ கல்லோ இருந்தால் பழக்கிச் சரிசெய்ய முடியாது.

பினாயில்

இதைச் சொல்லும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. என் நாய் கருப்பன் எட்டாவது மாதத்தில் காலைத் தூக்க ஆரம்பித்தான். செருப்பு அலமாரியின் இடது மூலை அவனுக்குப் பிடித்துப்போனது. துடைத்தேன், பினாயில் ஊற்றினேன். மறுநாளும் அதே மூலை. இன்னும் கெட்டியாக ஊற்றினேன். ஆறு மாதம் இப்படியே ஓடி, அலமாரியின் அடிப்பலகை ஊறி, உப்பி, உதிர்ந்தது. 9,000 ரூபாய் அலமாரி பழைய சாமான்காரரிடம் போனது. அது போன மறுநாள் மழை பெய்ய, வெறும் மூலையிலிருந்து அதே நாற்றம் கிளம்பியது.

மூத்திரத்தில் நாற்றம் தரும் பொருட்கள் சும்மா துடைத்தால் முழுசாகப் போகாது. டைல்ஸ் இடுக்கிலும் பிளைவுட்டிலும் இறங்கிப் படிந்துவிடும். காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி வாடை அடிக்கும். பினாயில் அதன்மேல் இன்னொரு வாசனையைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். நம் மூக்கு ஏமாறும், நாய் மூக்கு ஏமாறுமா? பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு வரும்.

செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் என்று கேளுங்கள், நாற்றம் தரும் பொருளையே உடைக்கும் திரவம் அது. பலர் அதையும் தெளித்த கையோடு துடைத்துவிட்டு, "வேலை செய்யல" என்பார்கள். இடம் ஊறும்படி ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை விட்டு, தானாகக் காயவிட வேண்டும். ஏற்கெனவே பினாயில் போட்ட இடமென்றால் வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் பினாயில் இதையும் கெடுத்துவிடும்.

எந்த இடம் என்று தெரியவில்லையா? கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள், பழைய கறை மஞ்சளாக ஒளிரும். நான் அடித்துப் பார்த்த ராத்திரி ஹாலில் மட்டும் ஏழு இடம். எனக்குத் தெரிந்திருந்தது இரண்டு.

மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது

செய்யாதீர்கள். நீங்கள் இல்லாத நேரம் பார்த்துச் செய்யக் கற்றுக்கொள்ளும்.

வயிற்றில் பட்டை கட்டுவது

மூத்திரத்தைப் பட்டை உறிஞ்சிக்கொள்ளும், சோபாவுக்கு நல்லது. நாய் மாறாது. நனைந்த பட்டையைக் கழற்றாமல் விட்டால் புண்ணாகும்.

ஆபரேஷன் செய்த மறுநாளே எதிர்பார்ப்பது

கருத்தடை செய்தால் நிறைய ஆண் நாய்களுக்கு இது குறையும். ஆனால் குறைய வாரக்கணக்கில் ஆகலாம், சில நாய்களுக்கு முழுசாக நிற்காது. வருஷக்கணக்கில் பழகிய மூலையை ஹார்மோன் போனதற்காக உடனே மறந்துவிடாது. ஆபரேஷனுக்கு முன்பே மூலைகளைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் சாமான்

கேஸ் சிலிண்டரும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் எத்தனை தெரு சுற்றி, எத்தனை நாய்கள் மோந்து பார்த்து நம் வீட்டுக்குள் வருகின்றன என்று நான் யோசித்ததே இல்லை. இன்னொரு நாயின் வாடை வீட்டுக்குள் வந்தால், அதன்மேல் தன் வாடையை வைக்காமல் ஆண் நாய்க்கு இருப்புக் கொள்ளாது. விருந்தாளி கொண்டுவரும் பைகளுக்கும் இதே கதிதான். அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, எட்டாத இடத்தில் வையுங்கள்.

கருப்பனுக்கு இப்போது ஒன்பது வயது. சிலிண்டர் வரும் நாளில் இன்றைக்கும் அவனைக் கொல்லையில் கட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.