கமோடு அடியில் ஈரமா? ஒயிட் சிமென்டைக் குழைக்க வேண்டாம்

கமோடு அடியில் ஈரம் கண்டதும் நம் கை முதலில் போவது ஒயிட் சிமென்ட் பாக்கெட்டுக்குத்தான். நானும் அதைத்தான் செய்தேன். சுற்றிலும் வழித்துப் பூசியதில் தரை காய்ந்துவிட்டது. மூன்றாம் வாரம் கீழ் வீட்டு அக்கா மாடியேறி வந்தார்: "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல மஞ்சளா கறை இறங்குது, கொஞ்சம் பாருங்களேன்." தண்ணீர் நிற்கவில்லை. வெளியே வர வழியில்லாமல் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருந்தது.

அடியில் தேங்குவதெல்லாம் சீல் (கமோடும் கழிவு பைப்பும் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம்) ஒழுகி வருவதும் இல்லை. ஹெல்த் ஃபாசெட், ஆங்கிள் காக், டேங்குக்கு அடியில் உள்ள வாஷர், எது கசிந்தாலும் பீங்கானில் வழிந்து அங்கேதான் சேரும். தரையைத் துடைத்துக் காயவிட்டு, சுற்றிலும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். கமோடுக்குள் நிற்கும் தண்ணீரில் கொஞ்சம் கேசரி பவுடரைக் கரைத்து ஃப்ளஷ் செய்யுங்கள். பேப்பரில் கலர் ஏறினால் சீல்தான், அரிதாகப் பீங்கானில் விரிசல். ஃப்ளஷ் செய்யாமலே நனைந்தால் குழாய் பக்கம் பாருங்கள். பைப் சுவருக்குள் போகும் பி-ட்ராப் ரகமென்றால் பின்பக்க ரப்பர் கனெக்டரைத் தடவினாலே தெரிந்துவிடும்.

உட்காரும்போது கமோடு ஆடுகிறதா? ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கி இறுக்காதீர்கள், பீங்கான் கீறிவிடும். ஆடும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஆனால் ஆடி ஆடிக் கெட்ட சீல் அதனால் சரியாகாது.

கழற்றி மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போடுவது வீண் சிக்கனம். ஒருமுறை அமுங்கியது மறுபடி பிடிக்காது. கழற்றிய பைப் வாயில் நாற்றம் வராமல் துணி அடைப்போம், அதை எடுக்க மறந்தவர்களும் உண்டு. பலர் கவனிக்காதது டைல்ஸ் விஷயம். பழைய டைல்ஸ் மேலேயே புதியது ஒட்டினால் தரை உயர்ந்து, பைப் வாய் பள்ளத்தில் போய்விடும். எத்தனை புது வளையம் போட்டாலும் எட்டாது. பைப்பைத் தரை மட்டத்துக்கு நீட்டச் சொல்லுங்கள்.

பத்து முறை ஃப்ளஷ் செய்தும் பேப்பர் காய்ந்தே இருந்தால் சிலிக்கான் போடலாம். ஒயிட் சிமென்ட் வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது பீங்கானே உடையும். பின்பக்கம் இரண்டு விரல் அகலம் பூசாமல் விடுங்கள். மறுபடி ஒழுகினால், கீழ் வீட்டு அக்கா வருவதற்கு முன் நம் கண்ணிலேயே படட்டும்.