பிள்ளைகளோடு ஸ்கீ (பனிச்சறுக்கு) போக எந்த ஊர்? புல்லைப் பார்த்துத் திரும்பியவன் சொல்லும் வழி

முதல் தடவை போனபோது எங்களுக்குக் கிடைத்தது பனி இல்லை, புல். சுவிஸில் பேர்ண் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மார்கழி விடுமுறையில் போய், அங்கிருந்து நான்கு நாள் மலையில் தங்குவதாக ஏற்பாடு. படத்தில் வெள்ளை வெளேரென்று இருந்த சரிவு, நேரில் வாவிக்கரை மாதிரிப் பச்சையாகக் கிடந்தது. "மாமா, ஸ்நோ எங்க?" என்று சின்னவன் அத்தானைக் கேட்டான். "மேல இருக்கு மருமகன்" என்றார். மேலே இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே சறுக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை.

இரண்டாம் தடவை கணக்குப் பார்த்துப் போனோம். கல்லடியிலும் ஆரையம்பதியிலும் இருந்து சுவிஸ் சொந்தங்களிடம் போகிற சிலர் கேட்டதால் எழுதுகிறேன். விசா, டிக்கெட் கதை இதில் இல்லை. அதில் நம் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

படி 1: ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

யார் சறுக்குவது, யார் பார்த்துக்கொண்டு இருப்பது என்று வீட்டிலேயே முடிவெடுங்கள். எங்களில் ஆறு பேர், சறுக்கியது நான்கு. அம்மாவுக்குத் தேவைப்பட்டது வெயில் படும் வாங்கு ஒன்றும் பிளாஸ்க் தேத்தண்ணியும்தான்.

படி 2: உயரம். நான் ஏமாந்த இடம்

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 2,300 மீற்றர், 2,800 மீற்றர் என்று போட்டிருப்பார்கள். அது கடைசி லிஃப்ட் போய் நிற்கும் உச்சியின் உயரம். பழகுகிறவர்களின் சரிவு பெரும்பாலும் ஊருக்குப் பக்கத்தில், அடியில் இருக்கும். எங்கள் முதல் ஊரில் அது ஆயிரம் மீற்றர்தான்.

ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். மட்டக்களப்பில் சட்டை நனைய வியர்க்கும் அதே நாளில் நுவரெலியாவில் ஸ்வெட்டர் போடுகிறோமே, அதே கணக்கு. உச்சியில் பனி விழும்போது அடியில் மழை பெய்வதும் இதனால்தான். ஆகவே ஊர்ப் பெயரை விடுங்கள், பழகுநர் சரிவின் உயரத்தைத் தேடுங்கள். நத்தார் விடுமுறை என்றால் 1,500 மீற்றருக்குக் கீழே நான் இனி முற்பணம் கட்டமாட்டேன்.

இன்னொரு வில்லன் ஃபோன் காற்று. தொலைபேசி இல்லை, காற்றின் பெயரே அதுதான். தெற்கிலிருந்து வரும் காற்று இத்தாலிப் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டு, அல்ப்ஸைத் தாண்டி வடக்கே இறங்கும்போது சூடாகி, காய்ந்து, பனியைத் தின்றுவிடும். நமக்கு இது புதிதா என்ன? ஆனி, ஆடியில் மத்திய மலையைத் தாண்டி வந்து நம்மை வறுத்தெடுக்கிற கச்சான் காற்றும் இதே வகைதான். அத்தானுக்கு இதைச் சொன்னேன். முப்பது வருடம் சுவிஸில் இருந்தவருக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உயரம் பார்க்க கூகுள் வரைபடத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ வரைபடத்தில், சரிவு இருக்கும் புள்ளியை அழுத்தினால் மீற்றர் கணக்கு வந்துவிடும். பிறகு அந்த ஊரின் வெப்கேமரா. சுற்றிவர முழுக் காட்சியும் எடுக்கும் ரவுண்ட்ஷாட் கேமரா வைத்திருக்கும் ஊர் என்றால் பழைய நாட்களின் படமும் பார்க்கலாம். போன வருடம், அதற்கு முந்தைய வருடம், நீங்கள் போகும் அதே வாரத்தில் சரிவு வெள்ளையா பச்சையா என்று பாருங்கள். விளம்பரப் படத்தை நம்பிக் காசு கட்டியவன் சொல்கிறேன்.

படி 3: கிலோமீற்றருக்கு மயங்காதீர்கள்

"200 கிலோமீற்றர் சறுக்குப் பாதை" என்பது நமக்கு எதற்கு? முதல் மூன்று நாளும் நூறு மீற்றர் நீளத்தைத்தான் திரும்பத் திரும்ப உழப்போகிறோம். பாதை வரைபடத்தில் நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நீலக் கோடு ஊர் வரை தொடர்ந்து வருகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் சிவப்பாக மாறினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டி வரும்.

முக்கியமாக, மாயக் கம்பளம் இருக்கிறதா? ஜேர்மன் மொழியிலும் இதே பொருளில்தான் பெயர். நின்றபடியே மேலே ஏற்றிச் செல்லும் பட்டி அது. அது இல்லாத இடத்தில் ரி வடிவக் கம்பியைப் பின்புறம் வைத்து இழுபட்டுப் போக வேண்டும். கதிரை என்று நினைத்து நான் உட்கார்ந்தேன். அதில் சாய மட்டும்தான் வேண்டுமாம். எனக்குப் பின்னால் வந்த நான்கு பேரும் என் மேல் விழுந்தார்கள்.

பழகுநர் சரிவுக்கு மட்டும் மலிவான டிக்கெட் பல ஊர்களில் உண்டு. முழு மலைக்கும் எடுக்காதீர்கள்.

படி 4: திகதி

நத்தாரிலிருந்து புதுவருடம் வரை கூட்டமும் விலையும் உச்சம். தை நடுப்பகுதி நல்லது, ஆனால் நம் பள்ளிக்கூடம் விடுமா? மாசியில் சுவிஸ் பள்ளிகளுக்கும் விடுமுறை வரும், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு வாரம். அக்கா, அண்ணாமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை விடுமுறையில்தான் முடியும் என்றால் பனியாறு உள்ள செர்மட் போன்ற உயரமான ஊர்தான் கதி, பணப்பையும் கனமாக இருக்க வேண்டும்.

படி 5: தங்குமிடம்

ஹோட்டல் வேண்டாம், குசினி உள்ள வீடு எடுங்கள். நாங்கள் இரண்டாம் தடவை போனது பெட்மரால்ப். ஊரே 1,900 மீற்றருக்கு மேல், கிட்டத்தட்ட நுவரெலியா உயரம். கார் கிடையாது, அடிவாரத்திலிருந்து கேபிள் காரில் ஏற வேண்டும். தெருவெல்லாம் பனி என்பதால் சாமானைச் சறுக்குவண்டியில் இழுத்துப் போகிறார்கள். ஐந்து கிலோ சம்பா அரிசியையும் சோறு சமைக்கும் குக்கரையும் நாங்களும் அப்படித்தான் இழுத்தோம்.

வீட்டிலிருந்து சரிவுக்கு எத்தனை மீற்றர் நடை என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்கீ சப்பாத்து கணுக்காலை மடக்க விடாது. அதோடு 300 மீற்றர், ஒரு கையில் பிள்ளை, தோளில் இரண்டு பேரின் ஸ்கீ என்றால் சறுக்க முன்பே ஆள் முடிந்துவிடுவார்.

படி 6: வாடகைக் கடையில்

எடையை உண்மையாகச் சொல்லுங்கள். விழும்போது சப்பாத்து ஸ்கீயிலிருந்து கழன்று விடும் அளவை எடை, உயரம், சப்பாத்தின் நீளம், சறுக்கும் திறன் எல்லாம் பார்த்துத்தான் பூட்டுவார்கள். என் மனைவி ஏழு கிலோ குறைத்துச் சொன்னார். சும்மா திரும்பினாலே கழன்றது. கூட்டிச் சொன்னால் இன்னும் மோசம், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுகும்.

விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்புறுதியில் பனிச்சறுக்கு அடங்குமா என்று தாளை வாசித்துப் பாருங்கள். எங்களுடையதில் அடங்கவில்லை. தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தோம்.

பின்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒருவர், "சுவிஸில் சொந்தம் இல்லை, குல்மார்க் போகலாமா?" என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். காஷ்மீரில் இருக்கும் ஊர் அது, ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர், செலவும் குறைவு. ஊரே 2,650 மீற்றர் என்பதால் பிள்ளைகளுக்கு முதல் நாள் தலையிடி வரலாம், ஓய்வு கொடுங்கள். ஆனால் அவ்வளவு உயரத்திலும் 2024 தை தொடக்கத்தில் பனி இல்லாமல் வெறுந்தரையாகக் கிடந்தது. வானம் பெய்யவே இல்லையென்றால் உயரம் என்ன செய்யும்? அங்கே போவதென்றால் தை கடைசிக்கு மேல் வையுங்கள், திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

இன்னொருவர் எத்தனை சோடி காலுறை போடுவது என்று கேட்டார். ஒன்று போதும். குளிருக்குப் பயந்து நான் இரண்டு போட்டேன், இரத்த ஓட்டம் நின்று விரல்தான் விறைத்தது.