சென்னை வீட்டு மொட்டை மாடியை வெயிலுக்கும் பெருமழைக்கும் ஆயத்தப்படுத்தும் முறை

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. எனவே, வீட்டில் வெயிலை மிகுதியாக வாங்குவது சுவர் அல்ல, மேல்தளமே. புவியின் சூடு ஒரு டிகிரி கூடும்போது காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பதால், மழையும் குறைந்த நேரத்தில் பெரும் அளவில் கொட்டக்கூடியதாக மாறிவருகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததை நகரம் மறந்திருக்காது. வெப்பத்துக்கு ஏசியும் கசிவுக்குப் பூச்சும் என்று இவற்றைத் தனித்தனியே சமாளிக்க முயல்வதே நம்மிடையே வழக்கமாக உள்ளது. உண்மையில் இவ்விரண்டும் ஒரே தளத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றாக வளரும் கோளாறுகள்.

பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம், பகலுக்கும் இரவுக்கும் இடையே 25 டிகிரி வெப்ப வேறுபாட்டைச் சந்தித்தால், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நாள்தோறும் நிகழும் இந்த அசைவு, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையிலும் தட்டோடுகளின் இணைப்புகளிலும் மயிரிழை வெடிப்புகளாக வெளிப்படுகிறது. மழைநீர் அவ்வழியே இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொடுகிறது. கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் துணை சேர்கிறது. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், கம்பிக்குக் கீழுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும்போதுதான் பலரும் முதன்முதலாக அண்ணாந்து பார்க்கிறார்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் மே வரை. வடகிழக்குப் பருவமழையில் ஊறிய தளம் அதற்குள் காய்ந்திருக்கும்; ஈரம் மிச்சமிருக்கும் பரப்பில் அடிக்கும் பல நீர்த்தடுப்புப் பூச்சுகள் கொப்பளித்து உரிந்துவிடும். முதலில் தளத்தைக் கூட்டிக் கழுவி, நீர் வடியும் போக்கைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைப்பது நல்லது. பிறகு தட்டோடுகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, வெற்றொலி எழும் ஓடுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதே சோதனையைக் கீழே அறைகளின் கூரையிலும் செய்ய வேண்டும். நேர்கோடாக ஓடும் வெடிப்பும் அதையொட்டிய பழுப்புக் கறையும் உள்ளே கம்பி துருப்பிடிப்பதைக் காட்டும்.

பழுதான இடத்தின் மேல் சிமெண்ட் பூசி மறைப்பது வீண் செலவு. கூரையின் கான்கிரீட் தளர்ந்திருந்தால், அதைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பியை இரும்புத் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பின், பாலிமர் கலந்த காரையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தால், கொத்தனாரோடு முடிக்கக்கூடிய வேலை அல்ல அது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். மேலே, வெற்றொலி கொடுத்த ஓடுகளை எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த அடிப்படுகையைச் சரிசெய்து, பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலச் சரிவு வருமாறு மீண்டும் பதிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் அடியில், மூலை கூர்மையாக இல்லாமல் வளைவாக அமையும்படி காரை வைத்து, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவர்மேல் ஓர் அடி உயரத்துக்காவது ஏற்ற வேண்டும்.

அதிகம் புறக்கணிக்கப்படுவது மழைநீர்க் குழாய்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர் மாடியில், மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதத்தில் பெய்தால், ஒரு மணி நேரத்தில் 9,300 லிட்டர் இறங்கியாக வேண்டும். இந்த வேகத்தில் நான்கு அங்குலக் குழாய் ஒன்று சுமார் 43 சதுர மீட்டர் பரப்பைத்தான் வடிக்கும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு. ஆகவே, இந்த அளவு மாடிக்கு இரண்டு குழாய்கள் ஏறக்குறையப் போதும் என்றாலும், மூன்றாவது இருப்பதே பாதுகாப்பு. ஒன்று இலையால் அடைபட்டாலும் மற்றவை தாங்கும். எல்லாமே அடைபட்டு நீர் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றால், தளத்தின்மேல் ஒன்பது டன்னுக்கு மேல் எடை ஏறுகிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இதற்கு மாற்றுவழியாக, கைப்பிடிச் சுவரின் அடியில், தளமட்டத்துக்குச் சற்று மேலே, வெளிப்புறம் நீட்டிய உபரிக் குழாய் ஒன்றைப் பொருத்துவது மிகக் குறைந்த செலவில் முடியும்.

கசிவு நின்ற பின்னரே வெள்ளைப் பூச்சு. வெயிலை எதிரொளிக்கும் மாடிப் பூச்சுகள், புதிதாக இருக்கும்போது, விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. தளத்தின் சூடு குறைவதோடு அதன் அன்றாட நீட்சியும் குறைவதால், வெடிப்புக்கும் இது ஓரளவு மருந்தாகிறது. வசதி குறைந்தவர்கள் பசை கலந்த கிளிஞ்சல் சுண்ணாம்பை இரண்டு முறை அடிக்கலாம். ஆனால் ஒரு மழைக்காலத்திலேயே அது கரைந்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் மார்ச்சில் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும். விலையுயர்ந்த பூச்சுகூட, பாசியும் புழுதியும் படிந்தால் கறுத்துப் பயனிழக்கும். கோடைக்கு முன் தேய்த்துக் கழுவுவதைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டும். மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற ஊருக்கு அது பொருந்தாது. அதோடு, காய்ந்த தளம் திடீரெனக் குளிர்வது வெடிப்பை வளர்க்கும்.

அடுக்ககங்களில் ஒரு சிக்கல் உண்டு. புழுக்கமும் ஒழுக்கும் மேல்மாடி வீட்டாரின் தொல்லை எனக் கருதி, மற்ற உரிமையாளர்கள் செலவில் பங்கேற்கத் தயங்குவார்கள். மாடி பொதுச்சொத்து, தளத்தில் இறங்கும் நீர் உத்தரங்களையும் தூண்களையும் பற்றினால் கேடு எல்லாருக்கும் என்பதைச் சங்கக் கூட்டத்தில் கூரையின் புகைப்படங்களோடு எடுத்துச் சொல்வது, வெறும் வாதத்தைவிட எளிதில் பலன் தரும்.

மாடிக்கு அடுத்து வெயிலுக்காகக் கவனிக்க வேண்டியது மேற்குச் சுவர்; அதற்குச் சன்ஷேடு அதிகம் உதவாது. மாலை வெயில் தாழ்வாக வருவதால், சன்னலுக்கு வெளியே தட்டியோ கொடிப்பந்தலோ செங்குத்தாக மறைக்க வேண்டும். உள்ளே திரை போடுவது, வெப்பம் கண்ணாடியைக் கடந்த பிறகு தடுப்பதாகும்.

செப்டம்பர் இறுதியில் ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே அது தங்கு தடையின்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் வாய்ச் சல்லடைகளையும், மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் அப்போதே கழுவிவிட வேண்டும். பருவமழை தொடங்கிய பின் அத்தொட்டியைத் திறந்து சுத்தம் செய்வது இயலாது.