அறைக் காற்று எவ்வளவு வேகத்தில் மாறுகிறது? நீங்களே அளந்து பாருங்கள்

காற்றாலைகளுக்குப் பின்னால் காற்று எப்படிக் குழம்புகிறது என்று கணக்கிடுவது என் வேலை. காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதனால் முன்னால் நிற்கும் காற்றாலை வேகத்தைக் கொஞ்சம் தடுத்தாலே பின்னால் நிற்பதற்கு மின்சாரம் நன்றாகக் குறைந்துவிடும். ஒருவர் இருமும்போது வரும் துளிகள் அறையில் எங்கே போகும் என்பதையும் அதே சமன்பாடுகள்தான் சொல்கின்றன.

100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி சில நொடிகளில் தரையைத் தொட்டுவிடும். 5 மைக்ரான் துளி, அசையாத காற்றிலேயே, தலை உயரத்திலிருந்து இறங்க அரை மணி நேரம் எடுக்கும். நோயைப் பரப்பக்கூடிய இந்தச் சின்னத் துளிகளை வெளியேற்ற அறைக் காற்று மாற வேண்டும். மாறுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அளக்கலாம்.

நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று பார்த்தால் போதும். அதற்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வேண்டும். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் வகையையே வாங்குங்கள். வேறு வாயுக்களை வைத்து ஊகிக்கும் மலிவான கருவிகள் இதற்கு உதவாது. முதலில் திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள், 420 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) ஒட்டிக் காட்ட வேண்டும். இதை வெளி அளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் கூடியிருந்த அறை காலியானதும் ஜன்னல், கதவு எல்லாம் வழக்கமாக இருப்பதுபோலவே இருக்கட்டும். காற்று கலக்க மின்விசிறி ஓடட்டும். மீட்டரை நடுவில் வைத்துவிட்டு நீங்களும் வெளியே போய்விடுங்கள், உங்கள் மூச்சும் கணக்கில் சேரும். மீட்டரே பதிவு செய்தால் நல்லது. அப்புறம் கணக்கு எளிது. வெளி அளவுக்கு மேலே உள்ள மிச்சத்தை மட்டும் பாருங்கள். 1,420-இல் தொடங்கினால் மிச்சம் 1,000. காற்று ஒருமுறை மாறும் நேரத்தில் மிச்சம் ஏறக்குறைய 37 சதவீதமாகிவிடும். அது 370-ஆக, அதாவது மீட்டரில் 790-ஆக, இறங்க எத்தனை நிமிடம்? 60-ஐ அதால் வகுங்கள். 20 நிமிடம் என்றால் காற்று மணிக்கு 3 முறை மாறுகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி 2023-இல் சொன்ன இலக்கு, குறைந்தது 5.

குறைவாக வந்தால், கூரை மின்விசிறியைக் கூட்டுவதில் பயனில்லை. அது உள்ளே இருப்பதையே சுற்றிவிடுகிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஒரு ஜன்னலில் மேசை விசிறியை வெளிநோக்கி வையுங்கள், மறு ஜன்னல் வழியே புதுக்காற்று வரும். பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

அலமாரிக்குப் பின்னால், மூலைகளில் தேக்கம் இருக்கும். காற்றாலை நிழல் போன்றதுதான் இதுவும். விசிறியை நிறுத்திவிட்டு ஊதுபத்திப் புகையை அங்கே காட்டுங்கள். புகை கலையாமல் தங்கினால் அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

ஜன்னலே இல்லாத அறைக்கு ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வையுங்கள். அது துளிகளைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. ஆகவே மீட்டர் எண் இறங்கவில்லை என்று அதை அணைத்துவிடாதீர்கள்.