முதலில் உங்கள் ஊர்க்குளம்: நெல்லைச் சீமையில் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

பறவை பார்க்க ஆசை வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "கூந்தன்குளத்துக்கு எப்போ போகலாம்?" என்றுதான். பறவைகள் சரணாலயம் உள்ள ஊர் அது, தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே கடைசியாகப் போக வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பறவையும் தெரியாமல் அங்கே போய் நின்றால் எதைப் பார்ப்பது என்றே தெரியாமல் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவோம். அதற்குப் பதிலாக வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குளத்தைப் பிடித்துக்கொண்டு, புரட்டாசியிலிருந்து மாசி வரை வாராவாரம் போங்கள். அங்கேயே இருக்கும் பறவைகள் பழகிவிட்டால், புதிதாக ஒன்று வந்து இறங்கும்போது தானாகவே கண்ணில் படும்.

எந்தக் குளம், எந்த நேரம்

நம் பக்கத்துக் குளங்களில் இரண்டு வகை உண்டு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் தாமிரபரணிக் கால்வாயில் நிரம்புகிறவை ஒரு வகை. அணையில் தண்ணீர் திறந்தால் அவை ஐப்பசிக்கு முன்பே நிரம்பத் தொடங்கிவிடும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே கிடப்பவை. மழை பொய்த்தால் அந்த வருடம் வாத்தும் இல்லை, நாரையும் இல்லை. உங்கள் குளம் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் எப்போது தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய குளமாக இருக்க வேண்டும். தூரமாக இருந்தால் மூன்றாவது வாரமே விட்டுவிடுவீர்கள். நகரத்துக்காரர்களுக்கு டவுனில் நயினார்குளமும் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகில் வேய்ந்தான்குளமும் இருக்கின்றன. குப்பையும் ஆகாயத்தாமரையும் இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம், பறவைகள் அங்கேயும் வருகின்றன.

இன்னொரு சங்கதி. நிலம் மேற்கே மலைப்பக்கம் உயர்ந்து கிழக்கே சரிவதால் இங்கே பல குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கமாகவே இருக்கும். அதனால் காலையில் கரையில் நின்றாலே போதும், வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் பறவை மேல். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். எனவே காலை ஆறரைக்குக் கரையில் இருங்கள், எட்டரைக்குத் திரும்பிவிடலாம்.

என்ன வேண்டும்

ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். மழைக்காலத்தில் பேனா மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. கரைப் புல்லில் பாம்பு இருக்கலாம் என்பதால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பளிச்சென்ற சட்டையும் வேண்டாம்.

பைனாகுலரை முதல் மாதமே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. வாங்கும்போது 8×42 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். திருவிழாக் கடையில் 50 மடங்கு, 60 மடங்கு என்று எழுதி விற்பதை வாங்கினால் காசுதான் வீண். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

கையில் வந்ததும் இரண்டு குழல்களையும் மடக்கி, இரு கண்ணுக்கும் சேர்த்து ஒரே வட்டம் தெரியும்படி வையுங்கள். அப்புறம் வலப்பக்கக் குழலின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் ஒரு பனையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். இப்போது இடப்பக்கத்தை மூடிவிட்டு, வலது கண்ணுக்கு அங்கே இருக்கிற சின்ன வளையத்தை மட்டும் திருகுங்கள். வளையம் இடப்பக்கம் இருக்கிற மாடலானால் கண்களை மாற்றிக்கொள்ளுங்கள். இதை ஒரு தடவை செய்தால் போதும், பிறகு நடுச்சக்கரம் மட்டும்தான்.

பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

உள்ளூர்க்காரர்களைப் பழகுங்கள்

புரட்டாசி முழுவதும் இதற்குத்தான். வெள்ளையாக நிற்பதை எல்லாம் கொக்கு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம், அங்கிருந்தே தொடங்கலாம். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சளாக, மாட்டின் பின்னாலேயே அலைந்தால் உண்ணிக்கொக்கு. பழுப்புநிறத்தில் கூனிக்கொண்டு மடையோரம் நின்று, கிட்டப் போனதும் திடீரென்று வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்தால் மடையான்.

தண்ணீரில் மிதக்கும் கறுப்புப் பறவைகளில் நெற்றியில் வெள்ளை நாமம் இருந்தால் நாமக்கோழி, நெற்றியும் அலகும் சிவந்திருந்தால் தாழைக்கோழி. உடம்பே நீல ஊதாவாக, சம்பங்கோரைக்குள் நடந்துகொண்டிருந்தால் நீலத் தாழைக்கோழி. உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் வளைந்து வளைந்து போனால் அது பாம்புத்தாரா. பக்கத்துக் கருவேல மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்திருப்பது நீர்க்காகமாகவும் இருக்கலாம், பாம்புத்தாராவாகவும் இருக்கலாம். நீர்க்காகத்துக்கு அலகு நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும், பாம்புத்தாராவுக்கு ஈட்டிபோல் நேராக இருக்கும்.

குளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பனை நிற்கிற ஊரில் பனையை அண்ணாந்து பார்க்காமல் போகலாமா? ஓலைக்குள் கூடு வைக்கும் பனை உழவாரன், ஓலை நுனியில் கூட்டைத் தொங்கவிடும் தூக்கணாங்குருவி, உச்சியில் உட்கார்ந்திருந்து பறக்கும்போது நீலம் பளிச்சிடும் பனங்காடை என்று மூன்றும் ஒரே பனைவிளையில் கிடைக்கும்.

அடையாளம் காணும்போது நிறத்தைக் கடைசியில் வையுங்கள். வெளிச்சத்தைப் பொறுத்து நிறம் ஏமாற்றும். முதலில் அளவு: மைனா அளவா, காக்கை அளவா, கோழி அளவா? அப்புறம் அலகு, கால், என்ன செய்துகொண்டிருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது. சின்னக் கரைப்பறவையான உள்ளான் ஈரச் சேற்றிலேயே ஓடும். நெடுங்கால் உள்ளான் அதைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே நிற்கும். நாரையும் கரண்டிவாயனும் இன்னும் உள்ளே, வாத்து நடுவில். தண்ணீர் ஏற ஏற இந்த வரிசை கலையும். மார்கழியில் குளம் நிறைந்து மறுகால் பாயும்போது உள்ளானுக்கு நிற்க இடம் இருக்காது, தையில் ஆழமில்லாத உள்வாய்ப் பக்கம் சேறு தலைகாட்டியதும் திரும்பி வரும். 'போன வாரம் நிறைய இருந்ததே, இன்றைக்கு ஒன்றையும் காணோமே' என்று தோன்றினால் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள்.

விருந்தாளிகள் வரும் வரிசை

மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான் உட்கார்ந்திருந்தால் வெளியூர்ப் பறவைகள் வலசை வரும் காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வரப்பில் ஓடி ஓடி வாலை ஆட்டும் மஞ்சள் வாலாட்டி அடுத்து வரும். பிசான நெல் சாகுபடிக்கு உழவு நடக்கும் வயலில் டிராக்டருக்குப் பின்னால் பாருங்கள், கொக்குகளின் காலுக்கிடையில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் சிவப்பு. விடியும்போதும் இருட்டும்போதும் இரண்டு சுரத்தில் சீட்டியடிக்கும். இரவெல்லாம் பறந்து வந்த களைப்பில் வீட்டுச் சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழுவதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மத்திய ஆசியப் பக்கமிருந்து வரும் சூறைக்குருவிகள் கூட்டமாகத்தான் அலையும். தலை கறுப்பு, உடம்பு ரோஸ். சாயங்காலம் அடையப் போகும் முன்னால் வானத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து புகைபோல் சுருண்டு விரியும். இதற்கு மட்டும் காலை விதியை மீறி மாலையில் போக வேண்டும்.

குளத்தைவிட்டு வெளியே, தரிசு நிலத்தின் மேல் தாழ்வாக, சிறகை மேலே தூக்கியபடி மிதந்து போகும் பருந்து தெரிந்தால் அது பூனைப்பருந்தாக இருக்கலாம். இவை இரவில் தரையில் புல்லுக்குள் அடைபவை, அதனால் இருட்டும் நேரத்தில் புல்வெளிக்குள் இறங்காதீர்கள்.

வாத்துகளைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஐப்பசியில் வந்து இறங்கும்போது ஆண் வாத்துகளும் பெட்டை மாதிரியே மங்கிய பழுப்பில் இருக்கும். பகட்டான இறகு பிறகுதான் முளைக்கும். ஊசிவால் வாத்தை மார்கழியில் வாலை வைத்தே சொல்லிவிடலாம். நீலச்சிறகி ஆணின் வெள்ளைப் புருவம் தெளிவாகத் தெரிய தை, மாசி ஆகிவிடும். அறுவடைக்குப் பிறகு வயலிலும் குளத்திலும் நூற்றுக்கணக்கில் ஒரு கூட்டம் ஒரே பக்கமாக நடந்து போனால், பின்னால் கம்போடு ஆள் வருகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது மேய்ச்சல் வாத்து!

பெரிய பறவையைப் பார்த்தால் உடனே 'சைபீரியாவிலிருந்து வந்தது' என்று எழுதிவிடுவதும் சொல்லிவிடுவதும் இங்கே பழக்கம். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டிலேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை. உண்மையிலேயே தூரத்திலிருந்து வருவது வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி வருகிறது, 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும், ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

கரையில் நடந்துகொள்வது

பைனாகுலரோடு நின்றால் யாராவது வந்து, "என்ன தம்பி, எடம் அளக்கியளா?" என்று கேட்பார்கள். பிளாட் போட வந்த ஆள் என்ற சந்தேகம்தான். "இல்ல அண்ணாச்சி, கொக்கு பாக்க வந்தேன்" என்று சொல்லி, பைனாகுலரை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடு மேய்க்கிறவர், மடை திறக்கிறவர், மீன் குத்தகைக்காரர் எல்லோருக்கும் எந்தப் பறவை எந்த மூலையில் அடைகிறது என்று தெரியும். வயலுக்குள் இறங்கும் முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நட்ட வயலின் வரப்பில் மிதித்தால் யாருக்கும் கோபம் வரும்.

பறவை தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் போதுமான அளவு நெருங்கிவிட்டீர்கள். கூட்டுக்குக் கிட்டப் போவது, போனில் குரலைப் போட்டு வரவழைப்பது, பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிவது, இதெல்லாம் கூடாது.

எழுதுவதும் எண்ணுவதும்

தேதி, நேரம், தண்ணீர் மட்டம், பார்த்த பறவைகள், ஒவ்வொன்றும் எத்தனை. இவ்வளவுதான் குறிப்பு. பெயர் தெரியாவிட்டால் ஒரு கோட்டோவியம் போட்டு, 'மைனா அளவு, நீள அலகு, கால் பச்சை' என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரிய கூட்டத்தை எண்ண, ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, கூட்டம் முழுவதும் அந்தப் பத்து எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள்.

இந்தப் பட்டியலை இ-பேர்ட் என்ற இலவசச் செயலியில் ஏற்றலாம். மெர்லின் என்ற இன்னொரு செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். நல்ல துணைதான், ஆனால் அது சொன்னது என்பதற்காக மட்டும் கண்ணால் பார்க்காத பறவையைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நான்கு மாதம் இப்படிப் போனால் தையில் நடக்கும் கணக்கெடுப்புகளில் தயங்காமல் சேரலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, வீட்டு மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினாலும் கணக்குதான். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் கணக்கெடுப்பு 2011 முதல் நடந்து வருகிறது. அதில் பழகியவர்களோடு ஒரு நாள் சுற்றினால், புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொள்வதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது கூந்தன்குளம்

தை, மாசியில் போங்கள். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994-இல் சரணாலயமான இந்தக் குளம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது குளத்தை அல்ல, ஊரை. தெருவோர மரத்திலும் வீட்டு வாசல் மரத்திலும் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், கீழே ஆட்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். நீங்களும் அங்கே சத்தம் போடாமல் நடந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர்க்குளத்தில் பழகிய கண்ணுக்கு அங்கே பெரும்பாலான பறவைகள் தெரிந்தவையாகவே இருக்கும், தெரியாத நாலைந்தின் மேல் நேரத்தைச் செலவிடலாம்.

மாசி பிறந்ததும் பட்டியல் எழுதுவதில் சோம்பல் வரும், அதே பறவைதானே என்று தோன்றும். ஆனால் விடாமல் எழுதுங்கள். ஒரு பறவை வந்த நாள் கண்ணில் படும், போன நாள் படாது. இரண்டு மூன்று வாரம் பட்டியலில் இல்லாததைப் பார்த்துத்தான் ஊசிவால் வாத்து கிளம்பிவிட்டது என்று தெரியும். கடைசியாகப் பார்த்த தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டுவையுங்கள்.