பழைய காசின் விசித்திரம் அக்கசாலையில் பிறந்ததா, பட்டறையில் செய்ததா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயக் கண்காட்சிகளில், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வரும் ‘அபூர்வப் பிழைக் காசு’களை (காசு அச்சிடும் அக்கசாலையிலேயே தவறாக அடிபட்டதாகச் சொல்லி விற்பவற்றை) பார்க்கும்போதெல்லாம், நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்கே இடறினோமோ அங்கேயே இவர்களும் இடறுவதைக் காண்கிறேன். எடை பார்க்காமல் வாங்குவது, மங்கலான புகைப்படத்தை நம்பிப் பணம் அனுப்புவது போன்றவற்றை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிதானமானவர்களும் விவரமறிந்தவர்களும்கூடச் செய்யும் தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

விசித்திரமான பக்கத்தை மட்டும் பார்ப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். கல்லூரி மாணவர் ஒருவர் ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காலணா ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் மன்னரின் தலை இடவலம் மாறி, மேலெழும்பாமல் உள்நோக்கிப் பள்ளமாகப் பதிந்திருந்தது. விடுமுறையில் வேலைசெய்து சேர்த்த பணம் முழுவதையும் கொடுத்து வாங்கியிருந்தார். அந்தப் பக்கத்தை எல்லாக் கோணத்திலும் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தவரிடம், மறுபக்கத்தின் படம் ஒன்றுகூட இல்லை. நான் காசைத் திருப்பினேன். ஆண்டும் எழுத்துகளும் நசுங்கித் தட்டையாகி, மேல்முனைகள் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தன. மீண்டும் தலைப்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தபோது, பள்ளமான முகத்துக்கு அடியில் பழைய கிரீடத்தின் மேடு இன்னும் மிச்சமிருந்தது. இரண்டு காலணாக்களை முகத்தோடு முகம் வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கிச் செய்த வேலை அது.

எந்திரத்தில் அச்சிடும் காசுக்கு மேல் அச்சு, கீழ் அச்சு, சுற்றிலும் வளையம் என மூன்று இருக்கின்றன. வெற்று வில்லை அவற்றுக்கு நடுவே ஒரே அடியில் காசாகிறது. தலையும் பின்புறமும் விளிம்பும் அந்த ஒரே கணத்தில் உருவாவதால், அந்த அடியின்போது நேர்ந்த பிழை பெரும்பாலும் மூன்றிலும் தடயம் விடும். பின்னாளில் எவரோ செய்த வேலையோ தான் தொட்ட இடத்தை மாற்றி, தொடாத இடத்தை நசுக்கும் அல்லது அப்படியே விட்டுவைக்கும். ஆகவே விசித்திரம் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் எதிரே பார்ப்பதுதான் முதல் வேலை.

அந்த மாணவரின் காசையே எடுத்துக்கொள்வோம். அக்கசாலையில் இத்தகைய பிழை எப்படி நேர்கிறது? அடித்து முடித்த காசு வெளியேறாமல் பின்பக்க அச்சில் ஒட்டிக்கொள்கிறது. அதன் தலைப்பக்கம் வெளியே தெரிகிறது. அடுத்த வில்லை அதன்மேல் வந்து விழுந்ததும் தலை அச்சு இறங்குகிறது. அந்த வில்லையின் ஒரு பக்கம் ஒழுங்கான தலையும், மறுபக்கம் ஒட்டியிருந்த காசு பதித்த, இடவலம் மாறிய பள்ளத் தலையும் வரும். அதாவது உண்மையான பிழையில் இரண்டு பக்கமும் தலையே இருக்கும். பின்பக்க அச்சு அந்த வில்லையைத் தொடவே இல்லை. ஆண்டு எங்கிருந்து வரும்? மாணவரின் காசிலோ ஆண்டு இருந்தது. வாங்குமுன் ஒருமுறை திருப்பிப் பார்த்து, ‘இந்த இரண்டு பக்கமும் ஒரே அடியில் வரக்கூடுமா?’ என்று கேட்டிருந்தால் அவருடைய பணம் கையில் இருந்திருக்கும். விற்றவர் கண்காட்சியின் முதல்நாளே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

விளிம்பில் பிறைபோல ஒரு துண்டு குறைந்த காசுக்கும் இதே விதிதான். உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, முன்பு வெட்டிய துளையின்மேல் வெட்டுக்கருவி ஏறினால் பிறை வடிவில் குறை விழும். அந்த வில்லைக்கு விளிம்பு எழுப்பும் எந்திரத்தில், குறையுள்ள இடத்தில் அழுத்தம் கிடைக்காததால், அதற்கு நேர் எதிர்ப்புற விளிம்பும் சரியாக எழும்பாது. பிளேக்ஸ்லி விளைவு என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். பிறைக்கு எதிரே விளிம்பு மழுங்கியிருந்து, பிறைக்கு அருகிலுள்ள எழுத்துகள் வெளிநோக்கி இழுபட்டதுபோல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். எதிர்ப்புறம் முழு உயரத்தில் திடமாக நின்று, எழுத்துகள் கத்தரித்ததுபோல் சட்டென்று முடிந்தால் அது அரத்தின் வேலை.

கையச்சுக் காசுக்கு எந்திர விதி

எந்திரமின்றிக் கையால் அடித்த ராஜராஜன் செப்புக்காசில் உருவம் மையம் தவறியிருப்பது பிழையல்ல, இயல்பு.

எண்ணின் வடிவத்தோடு நின்றுவிடுவது

ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய் அரிது, 1938 எளிதில் கிடைப்பது. எட்டின் இடது கீழ் வளைவைச் சீவினால் ஒன்பது. இந்த மாற்றத்தை எடை காட்டாது, ஏனெனில் இழந்த உலோகம் இம்மி அளவே. இரண்டு ஆண்டுக் காசும் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எனவே எண்ணை விட்டுவிட்டு, எண்ணைச் சுற்றியுள்ள தளத்தைப் பாருங்கள். அச்சின் அடியில் உலோகம் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடிய நுண்கோடுகளே பழைய வெள்ளியின் மினுமினுப்புக்குக் காரணம். காசை விளக்கடியில் மெல்லச் சுழற்றினால் அந்த ஒளி இடைவிடாமல் ஓட வேண்டும். ஒன்பதின் காலடியில் மட்டும் அது அறுந்து, சிறு குழியோ குறுக்குக் கீறலோ தென்பட்டால் அங்கே உளி நுழைந்திருக்கிறது. தேய்ந்த காசில் இந்த ஒளி இருக்காது என்பதால், நன்கு தேய்ந்த 1939-ஐ நான் ஐயமற்ற காசு ஒன்றுடன் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் ஏற்பதில்லை. வெள்ளி பாதியாகக் குறைந்த 1940களின் ரூபாயிலிருந்து செய்திருந்தால் விளிம்பே காட்டிக்கொடுக்கும்; அவற்றில் பாதுகாப்பு விளிம்பு, அதாவது வரிகளுக்கு நடுவே பள்ளம் ஓடும் விளிம்பு, உண்டு.

புளி போட்டுத் தேய்ப்பது

காசில் வெட்டு இருந்தால், அதற்குள் படிந்த களிம்புதான் அந்த வெட்டின் வயதுக்குச் சாட்சி. தேய்க்காதீர்கள்.

மாற்றம் என்றதும் மோசடி என்று ஒதுக்குவது

முந்தைய தவறுகளில் சிலமுறை பணம் இழந்தவர்கள் அடுத்து விழும் பள்ளம் இது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. அவற்றைப் புழக்கத்திலிருந்து விலக்கவே அப்படி வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த வெட்டு வரலாற்றுச் சான்று. பழைய வெள்ளி ரூபாய்களில் சராப்புகள் (காசு மாற்றும் வணிகர்கள்) தரம் பார்க்க இட்ட சிறு முத்திரைகளும் அப்படிப்பட்டவையே; அவற்றைக் குறையென்று எண்ணி நிரவியெடுத்தவர்கள் இருந்ததையும் அழித்தார்கள்.

நகையாக இருந்து வந்த காசுகள் நம் ஊரில் ஏராளம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். காசுமாலையிலிருந்து கழற்றிய சவரனில் கொக்கி பற்றவைத்த இடம் பெரும்பாலும் தலைக்கு மேலே விளிம்பில் இருக்கும். அங்கே வரிப்பள்ளங்கள் அடைபட்டு, பொன்னின் நிறம் சற்று வெளிறியிருக்கும். துளையிட்டுப் பின் அடைத்த காசில், அடைப்பின் வட்டம் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். அடைத்தவர் ஒரு பக்கத்தில் எழுத்தை எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தாலும், மறுபக்கத்தில் அதே புள்ளியில் பெரும்பாலும் அவசரமாகவே முடித்திருப்பார்.