பழைய பக்கெட்டில் தக்காளி

கைப்பிடி உடைந்த பக்கெட், எண்ணெய் டின், சாக்கு எதுவானாலும் சரி, ஆழம்தான் முக்கியம். கீரைக்கு 15 செ.மீ. போதும், தக்காளிக்கு 20 லிட்டர் பக்கெட் வேண்டும். பூச்சிமருந்து இருந்த டப்பாவைத் தொடவே வேண்டாம்.

அடியில் 8 முதல் 10 மி.மீ. அளவில் ஆறேழு ஓட்டை போட்டு, உள்ளே அந்த ஓட்டைகளின் மேல் கொசுவலைத் துண்டை விரியுங்கள். பலரும் ஜல்லி கொட்டுகிறார்கள். அதனால் வடிகால் அதிகமாகாது, வேருக்கான இடம்தான் குறையும்.

மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு. வெறும் தோட்டத்து மண் போகப்போக இறுகிவிடும். தக்காளி நாற்றைத் தண்டின் பாதி புதையும்படி நடுங்கள். புதைந்த இடத்திலும் வேர் விடும்.

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். காயவிட்டுக் காயவிட்டு ஊற்றினால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். உடனே சுண்ணாம்புச்சத்துக்காக முட்டையோட்டைத் தூள் செய்து போடுவார்கள்; அது மக்கவே மாதக்கணக்காகும். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும், ஈரம் சீராக இல்லாததால் காய்க்குப் போய்ச் சேராததே பெரும்பாலும் காரணம்.

கறுப்பு பக்கெட்டானால் கடும் வெயிலில் வேர் வெந்துபோகும். வெளிப்பக்கம் சாக்கைச் சுற்றிவிடுங்கள்.